உங்க ஊர் பழைய ஏரோட்ராம் கதையை எப்படித் தேடி எழுதுறது: ராமநாதபுரம் கடற்கரைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் பஸ்ல போனா உச்சிப்புளி பக்கம் பனைமரத்துக்கு மேல ஹெலிகாப்டர் ஒண்ணு தாழப் பறந்து போறதை எத்தனையோ தடவ பாத்திருப்பீங்க, சின்னப்புள்ளைக எல்லாம் ஜன்னல் பக்கம் தாவும், பெரியவங்க "நேவி ப்ளைட்டு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்ருவாங்க. அது உச்சிப்புளியில இருக்குற கடற்படை விமானத்தளம், ஐஎன்எஸ் பருந்துல இருந்து கிளம்புனது. நாங்க எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டே வளந்தவங்க, ஆனா அந்தத் தளம் எப்ப வந்துச்சு, ஏன் இங்க வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த மண்ணுல என்ன இருந்துச்சு, இப்ப பயணிகள் விமானம் வரப்போகுதுன்னு பேசுறாங்களே அது என்னன்னு கேட்டா தெருவுக்கு ஒரு கதை வரும். இந்தக் கதைகளை எப்படிச் சேக்குறது, எதை நம்புறது, எதைத் தள்ளி வைக்கிறதுன்னு நான் சில வருசமா கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். உச்சிப்புளிக்கு மட்டும் இல்ல, செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டைன்னு உங்க ஊர் பக்கம் எந்தப் பழைய ஓடுதளம் கெடந்தாலும் இதே வழிதான்.

நான் கைவிடாத விதி ஒண்ணு இருக்கு, அதை மொதல்லயே சொல்லிடுறேன். ஒரு தகவலை எழுதணும்னா அதுக்கு ஒரு ஆள் வாக்கும் வேணும், ஒரு காகிதமும் வேணும். ரெண்டும் ஒத்துப்போனா எழுதுங்க. ஒண்ணுதான் இருக்குன்னா "இன்னார் சொன்னது"ன்னோ "இந்தப் பதிவுல இருக்கு"ன்னோ சொல்லியே எழுதுங்க, ரெண்டையும் கலந்து மையமா எழுதிடாதீங்க.

வேலையை எங்க ஆரம்பிக்கிறதுன்னா, ஒரு நோட்டு வாங்கி அதுல காலக்கோடு போடுங்க. எழுதுறதுக்கு முன்னாடியே உங்க பகுதியில எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய சம்பவங்களை வருசத்தோட குறிச்சு வச்சுக்கணும், ஏன்னா வயசானவங்க யாரும் வருசம் சொல்ல மாட்டாங்க, சம்பவம்தான் சொல்லுவாங்க. நம்ம கரைக்கு இப்படி வரும்: 1914 பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில் போய் அங்கருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டது, அதே வருசம் செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ்ல குண்டு போட்டது, 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புலயும் திரிகோணமலையிலயும் குண்டு போட்டது, 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல், 1974 கச்சத்தீவு ஒப்பந்தம், 1983 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் அகதிகள் மண்டபம் முகாமுக்கு வந்தது, 1987 இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது, 1990 மார்ச்ல அது திரும்புனது, 2004 சுனாமி. இதுக்கு நடுவுல ஓடுதளம் எங்க விழுதுன்னு பாக்குறதுதான் வேலையே.

எம்டன் பத்தி ஏன் சொன்னேன்னா, ஒரு பெரியவர் என்கிட்ட "அந்தக் கிரவுண்டு எம்டன் காலத்துல போட்டது தம்பி"ன்னு அடிச்சு சொன்னாரு. எம்டன் 1914, அவரு பொறந்ததோ 1930க்கு அப்புறம். பொய் சொல்றாருன்னு நான் நெனைக்கல, நம்ம ஊர்ல குண்டுன்னாலே எம்டன்தான், ரெண்டாம் உலகப்போர் பயத்தையும் அந்தப் பேர்லதான் வீட்டுல சொல்லியிருப்பாங்க. அவரு சொன்னதுல "குண்டு பயம் இருந்த காலம்"ன்றதை எடுத்துக்கணும், பேரை விட்றணும். அப்புறம் நான் கேட்டேன், "அய்யா, அப்ப உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? அரிசி ரேஷன்லயா வாங்குனீங்க?" இப்படிக் கேட்டா அவங்களே வருசத்தைக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்திருவாங்க.

1942ன்ற வருசத்தைக் கொஞ்சம் நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா தமிழ்நாட்டுல பழைய ஓடுதளம்னு சொல்றதுல பாதிக்கு மேல அந்தக் காலத்துதான். ஏப்ரல் 5 கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திரிகோணமலை, அஞ்சே நாள்ல வங்கக்கடல் கரை பூரா ஆடிப்போச்சு, மெட்ராஸ்ல ஜனங்க ஊரைக் காலி பண்ணிக்கிட்டு உள்நாட்டுக்குப் போனாங்க. அதுக்கு அப்புறம்தான் வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியா முழுக்க அவசர அவசரமா ஓடுதளம் போட்டுச்சு. மதுரை விமான நிலையமே 1942ல ராயல் ஏர்ஃபோர்ஸ் போட்டதுதான். சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சூலூர், தஞ்சாவூர்னு எல்லாத்துலயும் போர்க்காலத் தடம் இருக்கு. போர் முடிஞ்சதும் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு விதி. மதுரை சிவில் ஏர்போர்ட் ஆச்சு, சூலூர் விமானப்படைகிட்ட இருக்கு, சோழவரத்துல கார் ரேஸ் நடந்துச்சு, உளுந்தூர்ப்பேட்டை சும்மா கெடந்துச்சு. உங்க ஊர் தளம் இதுல எந்த வழியில போச்சுன்றதுதான் நீங்க சொல்லப்போற கதையோட முதுகெலும்பு.

உச்சிப்புளி கதை வேற மாதிரி. அது வெளிய தெரிய ஆரம்பிச்சது 1980கள்ல, கடற்படையோட சின்ன விமானப் பிரிவா. காரணம் கடல்தான். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சேர்ற எடத்துல ஆழம் ரொம்பக் கம்மி, ராமர் பாலம் மணல்திட்டுல பல எடத்துல சில மீட்டர்தான் தண்ணி, பெரிய போர்க்கப்பல் அங்க நுழையவே முடியாது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 30 கிலோமீட்டர் கூட இல்ல. அப்படிப்பட்ட கடலைக் கண்காணிக்கணும்னா மேல இருந்துதான் பாக்கணும், சின்ன விமானமும் ஹெலிகாப்டரும்தான் தோது. 1987ல அமைதிப்படை போனப்போ இந்தத் தளத்தோட முக்கியத்துவம் இன்னும் கூடுச்சு. அப்புறம் 2009 மார்ச்ல ஐஎன்எஸ் பருந்துன்னு பேர் வச்சு முழுத் தளமா ஆக்குனாங்க, 2012 ஏப்ரல்ல ஆளில்லா விமானப் பிரிவு ஒண்ணு, 344ஆம் ஸ்குவாட்ரன், அங்க ஆரம்பிச்சாங்க.

தரையில இருக்குற எடத்துக்கு ஏன் கப்பல் மாதிரி ஐஎன்எஸ்னு பேர்னு நெறைய பேர் கேப்பாங்க. கடற்படையோட வழக்கம் அது, கரையில இருக்குற தளத்தையும் ஒரு கப்பலாவே கணக்குல வைப்பாங்க. அரக்கோணம் ராஜாளி, உச்சிப்புளி பருந்து, திருநெல்வேலி மாவட்டத்துல கட்டபொம்மன், எல்லாம் நம்ம பேருதான், எனக்கு இதுல ஒரு பெருமையே உண்டு. தேடுறவங்களுக்கு இதுல ஒரு முக்கியமான விசயம் இருக்கு, பருந்துன்னு தேடுனா 2009க்கு முன்னாடி ஒண்ணும் கெடைக்காது. அதுக்கு முந்துன பேப்பர்ல எல்லாம் ராம்நாட், ராமநாதபுரம், உச்சிப்புளின்ற பேர்லதான் இருக்கும், உச்சிப்புளியையே இங்கிலீஷ்ல மூணு நாலு விதமா எழுதியிருப்பாங்க. அத்தனை எழுத்துக்கூட்டலையும் ஒரு பக்கத்துல எழுதி வச்சுக்கிட்டுத் தேடுங்க. நான் ஆரம்பத்துல ரெண்டு எழுத்துக்கூட்டலை ரெண்டு வேற எடம்னு நெனச்சு ஒரு மாசம் வீணடிச்சேன், நீங்க அந்தத் தப்பைப் பண்ண வேணாம்.

இப்ப ஆளுகளைப் பாக்குற வேலை. இதைத் தள்ளிப்போடாதீங்க, காகிதம் அடுத்த வருசமும் இருக்கும், 1942ல பத்து வயசா இருந்தவங்களுக்கு இப்ப தொண்ணூறு தாண்டிருச்சு. நேரா போய் "ஓடுதளம் எந்த வருசம் போட்டாங்க"ன்னு கேக்காதீங்க, அது பரீட்சை மாதிரி ஆயிரும், அவங்களுக்குப் பதில் தெரியலன்னா சங்கடப்பட்டு வாயை மூடிக்குவாங்க. வேலையைக் கேளுங்க. ஜல்லி எங்கருந்து வந்துச்சு, மாட்டுவண்டியா லாரியா, கூலி துட்டாவா நெல்லாவா, கொத்தனாரு எந்த ஊர்க்காரரு, பொம்பளையாளுக்கு எவ்வளவு, தண்ணி எந்தக் கெணத்துல எடுத்தாங்க, கஞ்சி யாரு கொண்டாந்தா. ஒரு அப்பத்தாகிட்ட "ஏரோட்ராம் ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டா தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க, "அப்பத்தா, சட்டியில மண்ணு சுமந்தீங்களா, ஒரு நடைக்கு எவ்வளவு தருவாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க.

சொல்லையும் கவனிங்க. வயசானவங்க ஏர்போர்ட்னு சொல்ல மாட்டாங்க, ஏரோட்ராம், ஏரோப்ளேன் பொட்டல், ப்ளைட் கிரவுண்டு, கேம்ப்புன்னு ஊருக்கு ஒண்ணு இருக்கும். அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கங்க, பல எடத்துல அந்தச் சொல்லே வயல் பேரா, பஸ் ஸ்டாப் பேரா நின்னுருக்கும், அதுவே ஒரு சாட்சி. மீனவர்கள்கிட்ட காத்தைப் பத்தியும் கேளுங்க. விமானம் காத்துக்கு எதிரா ஏறணும் எதிரா எறங்கணும், அதனால ஓடுதளத்தோட தெசையை முடிவு பண்றது அந்த ஊர்க் காத்துதான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு எந்த மாசம் எது எப்படி அடிக்கும்னு பாம்பன், மண்டபம் ஆளுக சொல்ற மாதிரி எந்தப் புத்தகமும் சொல்லாது, அதைக் கேட்டுட்டு மேப்புல தளத்தோட தெசையைப் பாத்தா ஏன் அப்படிப் போட்டாங்கன்னு தானா விளங்கும்.

பேசுறதைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க, போனை மடியில வைக்காம அவங்களுக்குப் பக்கத்துல ஒரு தலகாணி மேல வைங்க, ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க. ஒரு தடவ நாப்பது நிமிசம் பேசுனதுல டேபிள் ஃபேன் சத்தம்தான் பதிஞ்சிருந்துச்சு, திரும்பப் போறதுக்குள்ள அவங்க படுத்த படுக்கையாயிட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அது மனசுல இருக்கு. ஆரம்பத்துல தேதி, ஊரு, அவங்க வயசு மூணையும் நீங்களே வாயால சொல்லிப் பதிவு பண்ணுங்க. அவங்க பேரைப் போடலாமான்னு வீட்டு ஆளுக முன்னாடி கேளுங்க, வேணாம்னா போடாதீங்க. நெலம் போனவங்க வீடா இருந்தா இன்னும் பதமா பேசணும், அவங்களுக்கு அது பழைய கதை இல்ல.

அடுத்து நெலப் பதிவு. என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் ஒரு தளத்தோட உண்மையான பிறப்புச் சான்றிதழ், ஆனா எழுதுறவங்க பாதிப் பேர் விமானத்தோட மாடல் பேரைத் தேடிக்கிட்டு இதை விட்டுட்டுப் போயிருவாங்க. நெலத்தை அரசாங்கம் எடுக்குறதுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு நிரந்தரமா எடுக்குறது, 1894 நில எடுப்புச் சட்டப்படி. இன்னொண்ணு போர்க்காலத்துல தற்காலிகமா எடுத்துக்கிறது, இந்தியப் பாதுகாப்பு விதிகள்படி, வாடகை மாதிரி ஈடு குடுத்துட்டுப் போர் முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். உங்க ஊர்த் தளம் போருக்கு அப்புறம் காணாமப்போய் திரும்ப வயக்காடா மாறியிருந்தா பெரும்பாலும் ரெண்டாவது வழியா இருக்கும்னு சந்தேகப்பட்டுத் தேடுங்க. நிரந்தரமா எடுத்திருந்தா 4ஆம் பிரிவு அறிவிக்கை, 6ஆம் பிரிவு பிரகடனம்னு கெஜட்டுல வந்திருக்கும், அதுல கிராமம், சர்வே நம்பர், எத்தனை ஏக்கர் எத்தனை சென்ட்டு, என்ன காரணத்துக்குன்னு எல்லாம் இருக்கும். சுதந்திரத்துக்கு முன்னாடியும் அதுக்கு அப்புறம் கொஞ்ச காலமும் அந்த கெஜட்டுக்குப் பேரு செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட், அந்தப் பேர்ல தேடுனாத்தான் கெடைக்கும். சென்னை எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல இதெல்லாம் பாக்கலாம்.

ராமநாதபுரத்துக்காரங்களுக்கு இதுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு, வேற மாவட்டத்துக்காரங்களுக்கு அவ்வளவா இருக்காது. நம்மூர் நெலம் பெரும்பாலும் சேதுபதி ஜமீன்ல இருந்துச்சு, 1948ல வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் விவசாயிகிட்ட சர்க்காரே நேரா வரி வாங்குற ரயத்துவாரி முறைக்கு மாறி, புதுசா அளந்து பட்டா குடுத்தாங்க. அதனால 1942ல ஒரு நெலத்தை எடுத்தாங்கன்னா கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு மட்டும் பத்தாது, ஜமீன் கணக்கும் பாக்கணும், பழைய சர்வே நம்பரும் இப்ப இருக்குற நம்பரும் ஒண்ணா இருக்காது. அதுக்கு மேல 1980கள்ல யூடிஆர்னு நெலப் பதிவேடுகளைப் புதுப்பிச்சப்போ திரும்ப ஒரு தடவ நம்பர் மாத்துனாங்க. அப்புறம் மாவட்டமே பிரிஞ்சது, 1910ல மதுரையிலயும் திருநெல்வேலியிலயும் இருந்து பிரிச்சு ராம்நாடு ஜில்லா ஆச்சு, 1985ல அதுலருந்து சிவகங்கையும் விருதுநகரும் பிரிஞ்சது. செட்டிநாடு தளம் இப்ப சிவகங்கை மாவட்டம், ஆனா 1942 காகிதத்துல அது ராம்நாடுன்னுதான் இருக்கும். இதை மனசுல வச்சுக்கிட்டு ஆபீஸுக்குப் போங்க.

கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அ-பதிவேடு (சர்வே நம்பர் வாரியா நெல விவரம் இருக்குற பதிவேடு), புலப்படம் (ஒவ்வொரு சர்வே நம்பரோட அளவுப் படம்), கிராம வரைபடம் மூணையும் கேளுங்க. அ-பதிவேட்டுல குறிப்புன்னு ஒரு கலம் இருக்கும், அதுல ராணுவ நெலம், விமானத்தளம்னு ஏதாச்சும் ரெண்டு வார்த்தை இருந்தாலும் போதும். கிராம வரைபடத்துல ஒரு விசயம் கண்ணுல படும், சுத்தி இருக்குற வயல் எல்லாம் கோணல்மாணலா இருக்கும், நடுவுல மட்டும் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நீளமா ஒரு சர்வே நம்பர் ஓடும். அதுக்குக் குறுக்க ஒரு கண்மாயோட வரத்துக்கால் வந்து முட்டி நின்னுச்சுன்னா அந்தக் கண்மாய்ப் பாசனக்காரங்களை உடனே போய்ப் பாருங்க, தண்ணி எந்தப் பக்கம் திரும்புச்சு, எத்தனை ஏக்கர் தரிசாச்சுன்னு அவங்க வீட்டுல தலைமுறையா பேச்சு இருக்கும். பனைமரமும் அப்படித்தான், விமானம் எறங்குற பாதையில உசரமான மரம் நிக்கக்கூடாது, பனை இல்லாத ஒரு பட்டை பனங்காட்டுக்கு நடுவுல இருந்தா ஏன்னு கேளுங்க.

மேப்பு பத்திச் சொல்றேன். இந்திய சர்வேத் துறையோட பழைய ஒரு அங்குல மேப்புல உச்சிப்புளியும் ராமநாதபுரமும் 58 கே/15 தாள்ல வரும், மண்டபம் 58 ஓ/3ல. போருக்கு முந்துன பதிப்பு ஒண்ணும் போருக்கு அப்புறம் வந்தது ஒண்ணும் கெடைச்சுச்சுன்னா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இப்ப பொதுமக்களுக்குக் குடுக்குற மேப்புல ராணுவத் தளம் காட்ட மாட்டாங்க, அது இல்லைங்கிறதுனால அங்க ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. அமெரிக்க ராணுவம் 1950கள்ல அச்சடிச்ச இந்திய மேப்பு வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோட சைட்ல இலவசமா இருக்கு, அதுல பல பழைய ஓடுதளத்தைக் குறிச்சிருக்காங்க. இன்னும் நல்லது கொரோனான்னு ஒரு அமெரிக்க உளவு சாட்டிலைட் படங்கள், 1960ல இருந்து 1972 வரைக்கும் எடுத்தது, 1995ல ரகசியம் நீக்கி வெளியிட்டாங்க, அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையோட எர்த் எக்ஸ்ப்ளோரர் சைட்ல தேடலாம். சீமைக்கருவேலம் இவ்வளவு மண்டிப்போறதுக்கு முந்துன நம்ம கரையைப் பாக்கணும்னா அதுதான் வழி. கூகுள் எர்த்துல பழைய வருசத்துக்குப் போற வசதி இருக்கு, அதுல பங்குனி சித்திரை மாசப் படத்தைத் தேடி எடுங்க, புல்லு காஞ்சு கெடக்குறப்போதான் கான்கிரீட் கோடு வெள்ளையா எந்திரிச்சு நிக்கும்.

கைவிட்ட தளமா இருந்தா, யாரு நெலமோ அவங்ககிட்ட கேட்டுட்டு நேர்ல போய் அளந்து பாருங்க. அளவே பாதிக் கதையைச் சொல்லிரும். ராயல் ஏர்ஃபோர்ஸ் போர்க்காலத்துல வச்சிருந்த நிலையான அளவுல ஓடுதளத்தோட அகலம் 50 கெஜம், அதாவது 45.7 மீட்டர். பெரிய தளத்துல முக்கிய ஓடுதளம் 2000 கெஜ நீளம், சுமார் 1830 மீட்டர். டேப் பிடிச்சு 45, 46 மீட்டர்னு வந்துச்சுன்னா போர்க்காலத்து வேலைன்னு வலுவா சந்தேகப்படலாம், எல்லா எடத்துலயும் அப்படியே போடலைங்கிறதையும் ஞாபகம் வைங்க. போன்ல இருக்குற காம்பஸ்ஸை வச்சு தெசை பாருங்க, நம்ம பக்கம் காந்த விலகல், அதாவது காம்பஸ் காட்டுற வடக்குக்கும் நெசமான வடக்குக்கும் உள்ள வித்தியாசம், ரொம்பக் கம்மி, அதனால பெரிய தப்பு வராது. 90 டிகிரின்னு வந்தா அந்த முனை 09, எதிர் முனை 27, தெசையைப் பத்தால வகுத்துத்தான் ஓடுதளத்துக்கு நம்பர் போடுவாங்க. பழைய பதிவுல நம்பர் மட்டும் இருந்தா அதை வச்சே எந்தக் கோடுன்னு கண்டுபிடிச்சிரலாம்.

ஓட்டை ஓட்டையா இருக்குற இரும்புத் தகடு எங்கயாச்சும் வேலியாவோ மாட்டுக்கொட்டகை தடுப்பாவோ நிக்குதான்னு பாத்துக்கங்க. போர்க்காலத்துல அவசர ஓடுதளத்துக்கு மண்ணு மேல விரிச்ச தகடு அது, ஒண்ணு 10 அடி நீளம் 15 அங்குல அகலம், 66 பவுண்டு எடை, போர் முடிஞ்சதும் உலகம் பூரா ஏலத்துல போய் வேலியாயிருச்சு. பழைய குண்டு மாதிரி, ஷெல் மாதிரி எதையாவது பாத்தா மட்டும் தொடாதீங்க, நகத்தாதீங்க, போலீசுக்குச் சொல்லிட்டுத் தள்ளிப் போயிருங்க.

இப்ப ஓடிக்கிட்டு இருக்குற தளத்துக்கு வேற நியாயம். பருந்து மாதிரி எடத்துல வேலிப் பக்கம் கேமராவோட சுத்தக்கூடாது, ட்ரோன் விடவே கூடாது, உள்ள என்ன இருக்கு, எத்தனை மணிக்கு எது பறக்குதுன்னு எழுதக்கூடாது. அது சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லல, அந்த விமானம் பாத்து சொல்லித்தான் நடுக்கடல்ல மாட்டுன நம்ம ஆளுகளைத் தேடப் போறாங்க. நாம எழுதப்போறது பழைய கதை, அதுக்கு இன்னைக்கு உள்ள என்ன இருக்குன்னு தேவையே இல்ல. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி மனு போடலாம், ஆனா நாட்டுப் பாதுகாப்புன்னு 8ஆம் பிரிவைக் காட்டி மறுத்துருவாங்கன்ற மாதிரிக் கேள்வியைத் தவிர்த்துட்டு, நெலம் எடுத்த தேதி, பரப்பு, ஈட்டுத்தொகை இதை மட்டும் வருவாய்த்துறைகிட்ட கேளுங்க, பலன் கெடைக்கும். ஒரே மனுவுல பத்துக் கேள்வி கேக்காம ரெண்டு கேள்வியோட நிறுத்துங்க.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அபிலேக் படல்னு ஒரு சைட் இருக்கு, போர்க்காலக் கோப்பு நெறைய ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, பதிவு பண்ணிக்கிட்டு இலவசமா பாக்கலாம். லண்டன்ல கியூன்ற எடத்துல இருக்குற தேசிய ஆவணக் காப்பகத்துல ராயல் ஏர்ஃபோர்ஸோட தினசரிப் பதிவேடு இருக்கு, ஸ்குவாட்ரன் பதிவுன்னா ஏர் 27, நிலையப் பதிவுன்னா ஏர் 28ன்ற வரிசை. அதைப் படிக்கிறப்போ ஒண்ணு கவனிங்க, எழுதுனது அதிகாரி, மழை, எஞ்சின் கோளாறு, கிரிக்கெட் மேட்ச்னு எல்லாம் இருக்கும், மண்ணு சுமந்தவங்க இருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அந்த அப்பத்தாவைப் பாக்கச் சொன்னேன்.

ராணுவத் தளம் ஊர் ஏரோட்ராமா மாறுனதை எப்படி எழுதுறதுன்னு ஒரு மாதிரி வேணும்னா கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க, யாழ்ப்பாணத்துப் பலாலி. ரெண்டாம் உலகப்போர்ல ராயல் ஏர்ஃபோர்ஸ் போட்டது, காங்கேசன்துறைன்னும் சொல்லுவாங்க. 1947 டிசம்பர் 10 இலங்கையோட ஏர் சிலோன் கம்பெனி மொதல் விமானம் கொழும்புப் பக்கம் இருக்குற ரத்மலானையில கிளம்பி காங்கேசன்துறையில எறங்கித்தான் மெட்ராஸ் போச்சு. யாழ்ப்பாணத்து ஆளுக விமானத்துல மெட்ராஸ் வந்துட்டுப் போன காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் போர், தளம் ராணுவத்துக்கிட்ட போச்சு, சுத்தியிருந்த வலிகாமம் வடக்கு ஜனங்க 1990ல வீடு வாசலை விட்டுட்டுப் போனாங்க, ரொம்பப் பேரு மண்டபம் முகாம் வரைக்கும் வந்தாங்க. 2019 அக்டோபர் 17 அதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமா திறந்தாங்க, நவம்பர்ல சென்னையில இருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போச்சு, 2020ல கொரோனாவுல நின்னு 2022 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சுச்சு. இந்த ஒரு தளத்தோட கதையை எழுதணும்னா விமானத்தோட கதை ஒரு பக்கம், ஊரைவிட்டுப் போன சனத்தோட கதை இன்னொரு பக்கம்னு ரெண்டையும் சேத்து எழுதணும், ஒண்ணை விட்டா மத்தது பொய்யாயிரும். மண்டபம் முகாம்ல கேட்டீங்கன்னா பலாலிச் சத்தத்தை ஞாபகம் வச்சிருக்குறவங்க இன்னும் இருப்பாங்க.

நம்ம பக்கம் பயணிகள் விமானம்ன்ற பேச்சு, சின்ன ஊருகளுக்கும் விமானம் விடுற மத்திய அரசோட உடான் திட்டத்துல ராமநாதபுரம் பேரு வந்ததுல இருந்து ஓடுது. கடற்படை ஓடுதளத்தை நீட்டி அதுலயே சிவில் விமானமும் எறங்கலாம்ன்றது ஒரு யோசனை, 2025 மார்ச் மாநில பட்ஜெட்ல ராமேஸ்வரத்துல புது விமான நிலையம்னு அறிவிச்சது இன்னொண்ணு. இதை எழுதுறப்போ அறிவிப்பு, ஆய்வு, நெலம் எடுக்குற அறிவிக்கை, டெண்டர், வேலை ஆரம்பம்னு ஒவ்வொண்ணையும் தனித்தனித் தேதியா எழுதுங்க, "ஏர்போர்ட் வருது"ன்னு ஒரே வரியில எழுதிட்டா பத்து வருசம் கழிச்சுப் படிக்கிறவங்க குழம்பிப்போவாங்க. முக்கியமா, இப்ப அளவெடுக்க வர்றப்பவே போட்டோ எடுத்து வைங்க, எந்தப் பனைமரம், எந்தக் கெணறு, எந்தக் குலசாமி கோயில்னு. 1942ல எடுக்காம விட்டதை இந்தத் தடவையாச்சும் நாம எடுத்து வைக்கலாம்.

எழுதி முடிச்சதும் இன்டர்நெட்ல போட்டதோட நிறுத்தாதீங்க. நாலு பிரதி அச்செடுங்க, எழுத்து பெருசா இருக்கட்டும். ஒண்ணு ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒண்ணு உங்க ஊர் பள்ளிக்கூடத்துக்கு, ஒண்ணு உங்ககிட்ட. நாலாவதை உங்ககிட்ட பேசுனவங்க வீட்டுக்கு நேர்ல கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுங்க, அவங்க "இல்லப்பா, அந்த வண்டி புதுமடம் பக்கம் இருந்து வரல, பெருங்குளத்துல இருந்துதான் வந்துச்சு"ன்னு திருத்துவாங்க, பேனா கையில இருக்கட்டும்.